மருந்துக்கு அடங்காத கிருமி

ஒரு சர்க்கார் தன் காரியங்களை ஒழுங்காக நடத்துகிறதா என்று அறிய விரும்புவோர் அதன் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். எய்ட்ஸ் நோய்க்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் சர்க்கார்களைப் பொறுத்தமட்டில், அக்கணக்கு எழுதப்பட்டிருக்கும் இடம் வேறு. நேற்று வரையில் தம் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதையே அறியாதிருந்து, இன்று ஆஸ்பத்திரிக்குச் சென்று தெரிந்துகொண்டாரே, அந்தப் புது நோயாளியின் இரத்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. அவர் எய்ட்ஸ் மருந்து ஒன்றையும் விழுங்கியறியார். ஆயினும் அவர் உடலிலுள்ள கிருமி சில மருந்துகளுக்கு அடங்க மறுக்குமானால், அந்தப் பிடிவாதத்தை அது எங்கே கற்றது? அவருக்கு முன் வேறொருவர் உடலில், அரைகுறையாகக் கிடைத்த மருந்தினிடம் கற்றது. ஆகவே, புது நோயாளிகளிடம் இத்தகைய கிருமி எவ்வளவு காணப்படுகிறது என்று கண்காணித்து வருவது, நாட்டின் சிகிச்சை முறை முழுவதையும் தணிக்கை செய்வதற்குச் சமானமாகும். இத்தணிக்கையை ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் பணத்தில் நடத்தி, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

கிருமி மருந்தை மீறும் விதத்தை முதலில் நேயர்கள் தெரிந்துகொள்வது நலம். எச்.ஐ.வி. கிருமி தன்னைத் தானே பிரதி செய்து பெருகுகிறது. சிகிச்சை பெறாதவர் உடலில் நாளொன்றுக்குப் பல நூறு கோடிக் கிருமிகள் புதிதாகத் தோன்றுகின்றன. அவசரமாக ஏடு பெயர்த்தெழுதுவோன், எழுதியதை மூலத்தோடு ஒப்பு நோக்காமற் போனால் பிழைகள் மலிவது இயல்பன்றோ? இக்கிருமியும் அவ்வாறே பிழைபட எழுதிக்கொண்டு போகிறது. பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடாக முடியும். ஏதோ ஒரு பிழை மட்டும் மருந்தின் பிடியினின்று அது தப்புவதற்கு வழி செய்துவிடும். மருந்து பூரண பலத்துடன் இருக்கும்வரை எந்தக் கிருமியும் பெருக முடியாது. பெருகாத இடத்தில் பிழைக்கும் இடமில்லை. மருந்து குறைந்து, ஆனால் முற்றும் நீங்காமல் இருக்கும் நிலையே அபாயமானது. அப்போது சாதாரணக் கிருமிகள் மடிய, தப்பும் வகை கற்றது மாத்திரம் தழைத்து ஓங்குகிறது.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது, அதன் பலன் நெடுநாள் நீடிக்கவில்லை. கிருமி அதை வென்றுவிட்டது. 1996ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்த பிறகுதான் நோயாளிகள் மரணத்தினின்று மீண்டனர். ஒரே சமயத்தில் மூன்று காவலர்களையும் ஏமாற்றுவது கிருமிக்கு எளிதல்ல. ஆனால் மாத்திரை தீர்ந்துபோய் நோயாளி வெறுங்கையுடன் வீடு திரும்பும்போது என்ன நிகழ்கிறது? மூன்று மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலை விட்டு நீங்குவதில்லை. ஏழை நாடுகளில் பல ஆண்டுகள் வழங்கி வந்த நெவிரபின், எஃபவிரென்ஸ் ஆகிய மருந்துகள், மற்றவை நீங்கிய பின்னரும் பல நாட்கள் இரத்தத்தில் தங்கி நிற்பவை. துணைவர்கள் ஓடிவிட, ஒற்றைக் காவலன் மட்டும் நிற்கும் கோட்டை போல் ஆகிறது உடல். அவ்விரு மருந்துகளையும் வெல்லக் கிருமிக்கு ஒரே ஒரு மாறுதல் போதும். ஆகையால், மருந்துக் கிடங்கில் ஏற்படும் ஒவ்வொரு தட்டுப்பாடும், எங்கோ ஒரு நோயாளியின் உடலில் கிருமிக்கு நடத்தப்படும் பள்ளிக்கூடமாகிறது.

அவ்வாறு கற்ற கிருமி ஒருவரிடத்திலேயே நின்றுவிடுமானால் துன்பம் அவரோடு முடியும். அது பிறருக்கும் தொற்றுகிறது. தொற்றிய இடத்தில், முன்னிருந்த சாதாரணக் கிருமி போட்டிக்கு இல்லாமையால், சில மாறுதல்கள் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கின்றன. வேறு சில விரைவில் மறைந்து, சாதாரணப் பரிசோதனைக்குத் தென்படாமற் போகின்றன. புதிதாக நோய் அறியப்பட்டவர்களைத் தேர்ந்து பரிசோதிக்க வேண்டுமென்று நிபுணர்கள் கூறுவதன் காரணம் இதுதான். அவர்களிடம் காணப்படுவது, சமூகத்தில் இப்போது எவ்வகைக் கிருமி பரவி வருகிறது என்பதற்குப் பிரத்தியட்சமான சான்று.

செல்வம் மிக்க நாடுகளில், புது நோயாளி ஒவ்வொருவருக்கும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இப்பரிசோதனையைச் செய்யவேண்டும் என்பது வைத்திய விதி. ஏழை நாடுகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே உலக சுகாதார ஸ்தாபனம் அவற்றுக்கு வேறொரு வழி வகுத்தது. நாடெங்குமுள்ள சிகிச்சை நிலையங்களிலிருந்து சிலவற்றை முறைப்படி பொறுக்கியெடுத்து, அங்கே மருந்து தொடங்க வருவோரில் சில நூறு பேரின் இரத்தத்தைச் சேகரித்து, கிருமியின் மரபெழுத்தைப் படித்துப் பார்ப்பது அம்முறை. வெகு தூரத்துக் கிராமங்களிலிருந்து இரத்தத் துளிகளை வடிதாளில் உலர்த்தி ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பவும் வழியுண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் பெண்மக்கள் அறிந்த சாஸ்திரம், இதுவும் அதுவே. 2017ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனம் ஓர் எல்லைக் கோட்டையும் வரைந்தது. நெவிரபின், எஃபவிரென்ஸ் வகை மருந்துகளுக்கு அடங்காத கிருமி, சிகிச்சை தொடங்குவோரில் நூற்றுக்குப் 10 பேருக்கு மேல் காணப்படுமானால், அந்நாடு முதல் மருந்தையே தாமதமின்றி மாற்ற ஆலோசிக்க வேண்டும் என்பது அந்த எல்லை.

சோறு பதம் பார்த்ததில் கண்டது என்ன? 2017ஆம் ஆண்டு அறிக்கையில், ஆராயப்பட்ட 11 நாடுகளில் 6 நாடுகள் எல்லையைக் கடந்திருந்தன. அர்ஜென்டினா, குவாதமாலா, நிகராகுவா, நமீபியா, உகாண்டா, ஜிம்பாப்வே என்பன அவை. 2019ஆம் ஆண்டு அறிக்கையில் 18 நாடுகளில் 12 கடந்திருந்தன. 2021ஆம் ஆண்டு அறிக்கையில் 30 நாடுகளில் 21 கடந்திருந்தன. பெண்களின் நிலை ஆண்களினும் மோசம்; 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நூற்றுக்கு 8 ஆண்களிடம் இத்தகைய கிருமி இருந்தால், பெண்களில் நூற்றுக்கு 12 பேரிடம் இருந்தது. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள 10 ஆப்பிரிக்க நாடுகளில், புதிதாக நோய் அறியப்பட்ட கைக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது காணப்பட்டது.

பெண்களும் குழந்தைகளும் இவ்வாறு அகப்பட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரசவ வேதனையின்போது தாய்க்கு ஒரு வேளை, பிறந்த பின் குழந்தைக்கு ஒரு வேளை நெவிரபின் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று உகாண்டாவில் நடந்த ஆராய்ச்சி 1999ஆம் ஆண்டில் காட்டியது. வேறு வழியற்ற நாடுகள் அதனைக் கைக்கொண்டன. எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தன. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த ஒற்றை மருந்தே பல தாய்மாரின் உடலில் கிருமிக்குத் தப்பும் வழியைக் கற்பித்தது. பின்னாளில் அவர்கள் தங்களுக்கென்று சிகிச்சை நாடி வந்தபோது, அவர்களுக்கென்று வைக்கப்பட்டிருந்த மருந்து பயனற்றுப் போயிருந்தது. கண்காணிப்பு இல்லாவிடில் இந்த அநியாயம் கணக்கில் வந்திராது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அந்தத் தாய்மார் மீதே பழி சுமத்தியிருப்பார்கள்.

கணக்கெடுப்பால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். எல்லையைக் கடந்த நாடுகளின் எண்ணிக்கை வெளியானதும், டோலுடெக்ராவிர் என்ற புது மருந்தைக் கொணர வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றது. இதனை வெல்வது கிருமிக்கு மிகக் கடினம். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், இம்மருந்து அடங்கிய மூன்று மருந்து மாத்திரையை, ஆளொன்றுக்கு ஆண்டொன்றுக்கு 75 டாலர் விலையில் ஏழை நாடுகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. கொடுக்க முன்வந்த மைலான், அரவிந்தோ கம்பெனிகளின் தொழிற்சாலைகள் ஹைதராபாத்தை மையமாகக் கொண்டவை என்பது நமக்குப் பெருமை. 2023ஆம் ஆண்டில் அவ்விலை 45 டாலருக்கும் கீழே இறங்கியது.

இடையில் ஒரு தடங்கலும் நேர்ந்தது. கருவுறும் காலத்தில் இம்மருந்தை உண்ட தாய்மாரின் சிசுக்களில் சிலவற்றுக்கு முதுகெலும்புக் குறை இருப்பதாக, போட்ஸ்வானா நாட்டுப் பிறப்புக் கணக்கிலிருந்து 2018ஆம் ஆண்டில் ஓர் ஐயம் கிளம்பியது. பல நாடுகள் பெண்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்கின. போட்ஸ்வானாவோ கணக்கெடுப்பை நிறுத்தவில்லை. பிறப்புகள் மேலும் மேலும் சேரச் சேர, அபாயம் முதலில் தோன்றியதினும் மிகச் சிறிது என்று விளங்கியது. 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதுவே முதல் மருந்து என்று சிபார்சு செய்தது. ஐயத்தைக் கிளப்பியதும் கணக்கு; தீர்த்ததும் கணக்கு. சிறு நாடொன்று இடைவிடாமல் எழுதி வந்த கணக்குப் புத்தகம் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் வழி காட்டியது.

இவ்வளவு உறுதியான மருந்து வந்துவிட்ட பிறகு கண்காணிப்பு எதற்கு என்று கேட்போர் இருக்கிறார்கள். முன்னரும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அதற்குக் கிடைத்த பதிலே மேலே கூறிய எண்கள். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான அறிக்கையைப் பார்ப்போம். டோலுடெக்ராவிர் உண்டும் கிருமி அடங்காதிருந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் நூற்றுக்கு 3.9 முதல் 8.6 வரை அம்மருந்தை மீறிய கிருமி காணப்பட்டது. பழைய மருந்துகளிலிருந்து, இரத்தத்தில் கிருமி மிகுந்திருந்த நிலையிலேயே இம்மருந்துக்கு மாற்றப்பட்டவர்களிடம் அது நூற்றுக்கு 19.6 வரை எட்டியது. இவர்கள் சிகிச்சை பெறுவோர் அனைவரும் அல்லர், சிகிச்சை பலிக்காத சிறு பகுதியினரே என்பதை மறத்தலாகாது. ஆயினும் இவர்களிடம் இன்று இருப்பது, நாளை புது நோயாளியிடம் வந்து சேரக்கூடும். அது வருகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பவர் யார்?

இன்னொரு காரணமும் உண்டு. நோய் வருமுன் தடுக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கேபோடெக்ராவிர், டோலுடெக்ராவிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊசியை நிறுத்திய பின்னும் பல மாதங்கள் அது சிறு அளவில் உடலில் தங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனாகபாவிரைத் தடுப்புக்கென 2025ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்கா அங்கீகரித்தது. ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனமும் சிபார்சு செய்தது. இவை பெரும் வரப்பிரசாதங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுப்பு மருந்தையும் மீறித் தொற்று ஏற்பட்ட சிலரிடம், கிருமி பிறக்கும்போதே கவசம் அணிந்து பிறக்கக்கூடும். தடுப்பும் சிகிச்சையும் ஒரே ஆயுதசாலையிலிருந்து வரும் காலத்தில், புது நோயாளியைப் பரிசோதிக்கும் அவசியம் பெருகுமேயன்றிக் குறையாது.

இந்த நிலையில்தான் 2025ஆம் ஆண்டின் சம்பவங்கள் நேர்ந்தன. 2003ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளின் எய்ட்ஸ் சிகிச்சைக்குக் கோடிக்கணக்கான டாலர்களைக் கொடுத்து வந்தது. அதனால் பிழைத்த உயிர்கள் மிகப் பல. 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, அந்நாட்டின் புதிய ஜனாதிபதி வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அன்றே உலக சுகாதார ஸ்தாபனத்தினின்று விலகும் உத்தரவும் பிறந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்குப் பின்னர் விதிவிலக்கு அளிக்கப்பட்டபோதிலும், அதற்குள் பல சிகிச்சை நிலையங்கள் கதவடைத்தன, ஊழியர்கள் வேலையிழந்தனர். உதவியை விநியோகித்து வந்த அமெரிக்க இலாகாவும் ஜூலை முதல் தேதியுடன் தன் வேலையை முடித்துக்கொண்டது. கொடுப்பவன் தன் விருப்பப்படி நிறுத்துகிறான்; அது அவன் பணம். ஆனால் ஒரு நாட்டு நோயாளிகளின் மாத்திரையும், அவர்கள் இரத்தத்தின் கணக்கும், கடல் கடந்த தலைநகர் ஒன்றின் பேனா முனையில் தொங்குமாறு விட்டு வைத்தது யார் குற்றம்?

பண நெருக்கடியின்போது மருந்துக்காகக் குரல் கொடுக்க நோயாளிகள் இருக்கிறார்கள், நியாயமே. கணக்கெடுப்புக்காக வீதியில் இறங்கிக் கோஷமிடுவோர் ஒருவரும் இல்லை. மருந்து தடைப்படுவதும் கணக்கு நிறுத்தப்படுவதும் ஒருங்கே நிகழுமாயின், கிருமி பள்ளிக்கூடம் நடக்கும். அதைப் பார்வையிடும் அதிகாரி மட்டும் இருக்கமாட்டார். 2024ஆம் ஆண்டு முடிவில் உலகில் 4 கோடியே 8 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்ந்தனர்; 3 கோடியே 16 லட்சம் பேர் சிகிச்சை பெற்றனர்; அவ்வாண்டில் புதிதாகத் தொற்றியவர்கள் 13 லட்சம். இந்த 13 லட்சம் பேருக்கு எவ்வகைக் கிருமி வந்து சேர்ந்தது என்பதில்தான் அந்த 3 கோடிப் பேருக்கு அளித்த சிகிச்சையின் தரம் வெளியாகும்.

நம் நாட்டின் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் இக்கிருமி முதன் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986ஆம் ஆண்டில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இங்கே சேகரித்த இரத்தமே வேலூரில் பரிசோதிக்கப்பட்டது. தேடாதிருந்தால் கிடைத்திராது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமோ? 2001ஆம் ஆண்டில் பம்பாயின் சிப்லா கம்பெனி, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் மூன்று மருந்துகளையும் கொடுக்க முன்வந்து, உலகத்து மருந்து வியாபாரத்தின் போக்கையே மாற்றியது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மத்திய சர்க்காரின் இலவசச் சிகிச்சை தொடங்கியபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட 8 ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. புனாவில், தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் என்று நெடுங்காலம் வழங்கி வந்த ஸ்தாபனத்தில், கிருமியின் மரபெழுத்தைப் படிக்கும் திறமை நிறைந்த விஞ்ஞானிகள் உண்டு. மருந்தும் நம்முடையது, மூளையும் நம்முடையது. பிறர் கொடுக்கும் பணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

ஆயினும் நம்மிடம் குறையே இல்லையென்று மார் தட்டுவதற்கில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மருந்து கிடைக்கவில்லை என்று முறையிட்டு நோயாளிகள் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு இலாகாவின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தனர். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. நாடு முழுவதிலும் தட்டுப்பாடு இல்லையென்று சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. இரு தரப்பில் எது உண்மையென்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. மாத்திரையின்றித் திரும்பினவர் எத்தனை பேர் என்பதைக் கிடங்குப் புத்தகம் மறைக்கக்கூடும். பின்னர் வரும் புது நோயாளிகளின் இரத்தம் மறைக்காது. வாதத்துக்கு முடிவு கூறும் நடுநிலைச் சாட்சி அதுவே. எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்கென 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், சிகிச்சையை ‘இயன்றவரையில்’ அளிக்க வேண்டுமென்று சொல்கிறது. அந்தச் சிறு சொல் அதிகாரிகளுக்குப் பெரிய கதவைத் திறந்து வைக்கிறது. எவ்வளவு இயன்றது என்று அளந்து காட்ட ஒரு கோல் இருந்தாலன்றி அச்சட்டத்தால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?

இதற்குச் செலவு அதிகமாகும் என்ற ஆட்சேபம் எழலாம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, மாகாணத்துக்குச் சில நூறு பரிசோதனைகள், இதுவே கேட்கப்படுவது. பலிக்காத மருந்தை லட்சக்கணக்கானோருக்கு வாங்கிக் கொடுக்கும் செலவோடு இதை ஒப்பிடுவோர் வாய் திறக்கமாட்டார்கள். நோயாளிகளின் இரகசியம் வெளியாகும் என்ற அச்சம் இதைவிட மதிக்கத்தக்கது. இந்நோய்க்கு உள்ள அவமானத்தை நாம் அறிவோம். இக்கணக்குக்கு நோயாளியின் பெயரோ விலாசமோ தேவையில்லை. வயது, பாலினம், முன்னர் மருந்து உண்டதுண்டா என்ற இவ்வளவே போதும். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று துருவும் போலீஸ் வேலையாக இது மாறுவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது. மாறினால் ஜனங்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். கணக்கும் போய்விடும், சிகிச்சையும் போய்விடும்.

ஆகவே சர்க்காரிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்று. முதலாவது, புது நோயாளிகளிடையே மருந்துக்கு அடங்காத கிருமியின் அளவை, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மாகாணவாரியாக ஆராய்ந்து, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் அச்சிட்டு வெளியிட வேண்டும். இரண்டாவது, சிகிச்சை நிலையங்களில் மருந்து இருப்பு நிலவரத்தையும் அதனுடன் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டும். நோயையும் காரணத்தையும் பிரித்து வைப்பதில் பயனில்லை. மூன்றாவது, தடுப்பு ஊசிகள் நாட்டில் பரவும் முன்னரே, அவற்றை மீறித் தொற்று ஏற்பட்டவர்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகள் இதனைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். நோயாளிகளின் சங்கங்களுக்குப் பொதுஜன ஊழியர்கள் துணை நிற்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டுமென்று நம் பெரியோர் சொன்னார்கள். ஆற்றில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவன் கரையில் நின்றால்தான் அணைகோலுவோருக்கு அவகாசம் கிடைக்கும். அவனுடைய சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் ஊர் பின்னர் வீடு வாசல்களை இழக்கும். தாம் செய்யாத பிழைக்காகப் பலிக்காத மருந்தை ஏந்தி நிற்கும் புது நோயாளிக்கு, அந்தப் பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டறிந்து திருத்துவது சர்க்கார் பட்ட கடன். அக்கடனைத் தீர்க்கும் முதல் தவணை, உண்மையான கணக்கு.